பதினொரு பேர், பத்து படகுச் சீட்டு

காயல்பட்டினம்
ஜூலை 12

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் முஜாஹிதும் லுப்னாவும் சுகம். உங்கள் உம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. தம்மாமில் உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். 'அன்புள்ள' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஆகையால் மரியாதையோடு நிறுத்திக்கொண்டேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவீர்கள். அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் நம் வீட்டு நியாயத்தைக் கேட்டுக்கொண்டே சோறு தின்பார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீங்களே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் வயிறெரிந்து பேசுவது அங்கே கோழி கொக்கரிப்பதுபோல் கேட்கும். பக்கத்து வீட்டு அஸ்கர் திங்கட்கிழமை தம்மாம் திரும்புகிறான். அவன் பெட்டியில் ஒரு டப்பா மாசிக் கருவாட்டுச் சம்பலும் அதற்கு அடியில் இந்தக் கடிதமும் வருகின்றன. சம்பலை எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தைத் தனியாக இருந்து படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து குடும்ப குரூப்பில் ஒரு கணக்குப் போட்டீர்கள். செப்டம்பர் கடைசியில் முப்பது நாள் லீவில் வருகிறீர்கள். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில் எல்லோரும் மாலத்தீவு போகிறோம். ஐந்து இரவு, மொத்தம் நான்கு லட்சத்து எண்பதாயிரம். நாம் நால்வர், உங்கள் உம்மா, உங்கள் ராத்தா நுஸ்ரத், அவர் மாப்பிள்ளை, அவர்களின் மூன்று பிள்ளைகள், உங்கள் தம்பி என்று பதினொரு பேர். இந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? நான் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். லுப்னா ஓடிவந்து கூச்சல் போட்டாள். கட்டிய மனைவிக்கும் ராத்தாவின் கடைசிப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி. ஒரு நாள் முன்னதாக என்னிடம் சொல்லியிருந்தால் உங்கள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

சரி, அது போகட்டும் என்று கணக்கைத் திறந்து பார்த்தேன். நான் பி.காம். இரண்டாம் வருஷத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். பத்து வருஷமாகத் தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கிறேன். அது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் கணக்கை வரிவரியாகப் படித்தேன். கூட்டலில் பிழை இல்லை. விமானம் பதினொரு பேருக்கு ஒரு லட்சத்து தொண்ணூற்றெட்டாயிரம். தங்குவதற்குப் பெரிய ரிசார்ட் கட்டுப்படியாகாது என்று உள்ளூர்க்காரர்கள் இருக்கிற தீவில் சமையலறையோடு மூன்று அறை, ஒரு லட்சத்து ஐயாயிரம். தீவுக்குப் போக்குவரத்து, சில்லறைச் செலவு முப்பதாயிரம். மளிகை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவது, இருபத்திரண்டாயிரம். அதற்குக் கீழே ஒரு வரி. சமையல்: பதுரு. என் பெயருக்கு நேராக சைபர்.

எழுதாமல் விட்டிருந்தால்கூட மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பேன். நீங்கள் மறக்கவில்லை. அங்கே சாப்பாடு யானை விலை என்று விசாரித்து, பதினொரு பேருக்கு மூன்று வேளை என்று பெருக்கிப் பார்த்து, பயந்துபோய், அப்புறம் என்னை நினைத்து, நிம்மதியாக ஒரு சைபர் போட்டிருக்கிறீர்கள். கடல் கடந்து போய் அடுப்படியில் நிற்கத்தான் எனக்குப் பாஸ்போர்ட்டா?

மளிகைப் பட்டியலையும் பார்த்தேன். வெங்காயம் பத்து கிலோ. மச்சான், தூத்துக்குடியிலிருந்து தோணியில் ஏற்றித்தான் மாலத்தீவுக்கு வெங்காயம் போகிறது. நீங்கள் அதை விமானத்தில் ஏற்றுகிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை, அடுத்த வரியில் மாசி இரண்டு கிலோ! மாசி நம் ஊருக்கு வருவதே அங்கேயிருந்துதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றிச் சொல்வார்கள். அவனாவது விற்கப் போனான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். அடுத்த பக்கம் போனேன். டால்பின் பார்க்கவும் பவளப்பாறை பார்க்கவும் படகு. ஒரு ஆளுக்கு மூவாயிரத்து ஐநூறு. மொத்தம் முப்பத்தைந்தாயிரம். பெரிய ரிசார்ட்டில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வர ஒரு ஆளுக்கு ஒன்பதாயிரம். மொத்தம் தொண்ணூறாயிரம். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். பத்து வந்தது. மறுபடியும் வகுத்தேன். பத்துதான். முட்டுவலிக்கார மாமிக்கும் படகில் இடம் இருக்கிறது. அவர்கள் போகட்டும், நான் பொறாமைப்படவில்லை. போன தடவை படகைப் பார்த்ததுமே வாந்தியெடுத்த ராத்தாவின் நடுப்பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் விட்டது யாரை என்று நான் கேட்க வேண்டுமா? கரைக்குத் திரும்பும்போது பசியோடு வருவீர்கள் அல்லவா, சோறு தயாராக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை உங்கள் ராத்தா வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டார்களாம், அவர்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே, "ஏளா பதுரு, அங்கன மீனு சும்மா கெடக்குமாம்லா. நீ வந்து ஆக்கிப் போட்டா போதும், செலவே இல்ல" என்று சொன்னார்கள். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவர்களைக் கோபித்து என்ன பயன்? கணக்கு எழுதிய கை உங்களுடையது.

இனி நான் ஒரு கணக்கு எழுதுகிறேன். நமக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நீங்கள் வெளிநாடு போகுமுன் இருந்த முதல் மூன்று மாதத்தைக் கழித்தால் எட்டு லீவு. எட்டு லீவுக்கும் சேர்த்து முந்நூற்று இருபது நாள். அதில் நானும் நீங்களும் மட்டும், கூட யாரும் இல்லாமல், ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை ஒரே ஒரு நாள் இருந்ததுண்டா? நாம் இருக்கிற வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிஷ நடை. அங்கேயாவது நாம் இரண்டு பேர் போய் உட்கார்ந்திருக்கிறோமா? லீவுக்கு வந்தால் காலையில் உங்கள் உம்மா வீடு, மதியம் யார் வீட்டு விருந்தோ, இரவில் கூட்டாளிமார். நான் கேட்டது மாலத்தீவு அல்ல. அந்த ஒரு நாளைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்கத் தெரியாமல் இருந்தேன். இப்போது கோபத்தில் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளுங்கள். இது என் வாப்பா எனக்கென்று கட்டிக்கொடுத்த வீடு. நம் ஊர் வழக்கப்படி நீங்கள் மாப்பிள்ளையாக இந்த வீட்டில் வந்து ஏறியவர். வீட்டுக்கு வருகிற விருந்தாளி வீட்டுக்காரியைச் சமையல்காரி என்று எழுதி சைபர் போடுவது எந்த ஊர் மரியாதை?

மாலத்தீவு போகிறோம் என்று முஜாஹித் பள்ளி முழுவதும் சொல்லிவிட்டான். லுப்னா கணக்கில் எழுபத்தெட்டு. தண்ணீர் மோட்டார் காயில் மாற்றியாயிற்று. யோசித்துப் பதில் எழுதுங்கள். ஃபோனில் வேண்டாம்.

வஸ்ஸலாம்.
பதுருன்னிஸா


தம்மாம்
ஜூலை 30

அன்பு மனைவி பதுருவுக்கு முஹ்யித்தீன் எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. சம்பலும் கிடைத்தது, அன்றிரவே தீர்ந்துவிட்டது. கடிதத்தைக் குடோனில் ஏ.சி. கம்ப்ரஸர் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

நீ சொன்னது சரி. சமையல் வரியில் சைபர் போட்டது என் தப்பு. அங்கேயுள்ள ஒரு அம்மாவை ஐந்து நாளுக்குச் சமையலுக்கு அமர்த்தப் பேசிவிட்டேன், பதினைந்தாயிரம். படகிலும் ரிசார்ட்டிலும் பதினொன்று என்று திருத்திவிட்டேன். மாசியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இப்போது மொத்தம் ஐந்து லட்சத்து ஏழாயிரத்து ஐநூறு ஆகிறது. ஆனால் ஆகட்டும். இனி உனக்குக் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

நீ என்னைத் திட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். என் பக்கத்தையும் கேள். இங்கே பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கீப்பர். நாலாயிரம் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நம் வீட்டில் சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போன லீவில் உனக்கு டியூஷன் இருந்தபோது நானே தேத்தண்ணீர் போடலாம் என்று அடுக்களைக்குள் போய் ஏழு டப்பாவைத் திறந்தேன். லுப்னா வந்து, "வாப்பா, என்ன வேணும், நான் எடுத்துத் தாறேன், நீங்க போய் உக்காருங்க" என்று சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் போய் உட்கார்ந்தேன். லீவில் பத்தாவது நாளுக்குப் பிறகு நான் எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது, நேரம் இருக்கிறது, எது எங்கே என்று தெரிகிறது. நான் நடுவில் கிடக்கிறேன். அதனால்தான் யாருக்கும் எதுவும் தெரியாத ஓர் ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். அங்கே போனால் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

நீ கேட்ட அந்த இன்னொரு விஷயம். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் கடிதம் இத்தனை நாள் தாமதமாயிற்று. நாம் இரண்டு பேர் மட்டும் போனால் என்ன பேசுவோம், பதுரு? ஃபோனில் பிள்ளைகள், உம்மா, மோட்டார், கரண்ட் பில் என்று பேசுகிறோம். அது முடிந்தால் நீயும் சும்மா இருக்கிறாய், நானும் சும்மா இருக்கிறேன், அப்புறம் வைத்துவிடுகிறோம். நாள் முழுவதும் அப்படி இருந்தால்? பதினொரு பேர் இருந்தால் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

உம்மாவுக்கு முட்டில் தடவத் தைலம் அனுப்பியிருக்கிறேன். ராத்தாவிடம் நீ எதுவும் கேட்க வேண்டாம், ஆசையோடு இருக்கிறார்கள். திருத்திய கணக்கை குரூப்பில் போடட்டுமா?

உன்
முஹ்யித்தீன்


காயல்பட்டினம்
ஆகஸ்ட் 14

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். தைலம் வந்தது. மாமி, 'நாத்தம் தாங்க முடியலளா' என்று சொல்லிக்கொண்டே இரண்டு வேளையும் தடவுகிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். என் கோபத்துக்கு நீங்கள் பதினைந்தாயிரம் என்று விலை கண்டுபிடித்து வரியைத் திருத்திவிட்டீர்கள். ஸ்டோர் கீப்பர் புத்தி. ஒரு பொருள் குறைகிறது என்றால் இன்னொன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிடுவது. எனக்குப் படகுச் சீட்டு கிடைக்கவில்லை என்று அழுதேன் என்றா நினைத்தீர்கள்?

அப்புறம் டப்பா விஷயம் வந்த இடத்தைப் படித்தேன். அங்கே என் கோபம் இன்னும் ஏறியது. உங்கள் மேல் மட்டும் அல்ல, எங்கள் எல்லோர் மேலும். விருந்தாளி என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதை எழுதியதற்காக என் கையைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் மச்சான், இதை வாயைத் திறந்து சொல்ல உங்களுக்குப் பத்தொன்பது வருஷமா வேண்டும்? 'பதுரு, எனக்கு இங்கே இருக்க ஒருமாதிரி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன உங்களைக் கடித்தா தின்றுவிடப் போகிறேன்? சொல்லாமல் இருந்துவிட்டு ஐந்து லட்சத்தைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டப் பார்த்தீர்களே. அந்த ஐந்து லட்சம் என்பது நீங்கள் அங்கே தின்னாமல் உடுக்காமல் சேர்க்கிற ஒரு வருஷம். ஐந்து நாளைக்காக ஒரு வருஷம் கூடுதலாக அங்கே கிடப்பீர்கள், நான் இங்கே கிடப்பேன். அக்கவுண்டன்சி படிக்காதவனுக்குக்கூட இது நஷ்டம் என்று தெரியும்.

ஆகையால் நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களைக் கேட்டுச் செய்யவில்லை. நீங்களும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

திங்கட்கிழமை குடும்ப குரூப்பில், 'மாலத்தீவுப் பயணம் ரத்து. இப்படிக்கு, சைபர் ரூபாய்ச் சமையல்காரி' என்று போட்டேன். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன். முஜாஹித் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் பசி வந்து பேசினான். உங்கள் தம்பி விடுமுறையில் பிள்ளைகள் எல்லோரையும் மணப்பாட்டுக்குக் கூட்டிப்போய்க் கடலில் குளிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவை நீங்கள் கொடுங்கள்.

திருவனந்தபுரத்தில் நீங்கள் இறங்குகிற செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வழக்கமான வேன் வராது. எட்டு லீவுக்கும் வேன் வந்திருக்கிறது. பதினாலு பேர் ஏறி வருவோம். நீங்கள் முன்சீட்டில் டிரைவரோடு, பக்கத்தில் உங்கள் ராத்தா மாப்பிள்ளை. நடுவில் மாமியும் ராத்தாவும் பிள்ளைகளும். நான் கடைசிச் சீட்டில், உங்கள் பெட்டிகளோடு. ஐந்து மணி நேரம் உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருக்கிறேன். அப்புறம் மாமி வீட்டில் சலாம், பெட்டி திறப்பு, சாக்லேட் பங்கு. அதெல்லாம் இந்தத் தடவை மூன்று நாள் கழித்து நடக்கும்.

இந்தத் தடவை விமான நிலையத்துக்கு நான் மட்டும் வருகிறேன். அங்கேயிருந்து கோவளம் அரை மணி நேரம். கடலைப் பார்த்த ஒரு அறைக்கு மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டேன். சீசன் தொடங்காததால் ஒரு இரவுக்கு நாலாயிரத்து இருநூறு. என் டியூஷன் பணம். லுப்னாதான் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். யார் யாருக்கு என்று கேட்டாள். உன் வாப்பாவுக்கும் எனக்கும் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "ரெண்டு பேரு மட்டுமா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, போட்டுவிட்டாள். சாப்பாடு ஹோட்டலில். நான் ஒரு டம்ளர்கூடக் கழுவப் போவதில்லை.

பயந்து பயந்துதான் மாமியிடம் போய்ச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை, பெற்றவளுக்குச் சலாம் சொல்வதற்கு முன்னால் பெண்டாட்டியோடு கடற்கரைக்குப் போவது நம் தெருவில் இதுவரை நடந்ததில்லை. மாமி முட்டுக்குத் தைலம் தடவி முடித்தார்கள். அப்புறம், "ரெண்டர வருசம் பொறுத்துட்டேன், மூணு நாளு பொறுக்க மாட்டேனா? எனக்கு அந்தப் பிளேனும் வேண்டாம், போட்டும் வேண்டாம். யாரு என்னயக் கேட்டா? போயிட்டு வாங்களா" என்று சொன்னார்கள். உங்கள் ராத்தா அப்படிச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, 'நாணம் கெட்டவ' என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்றிலிருந்து நம் வீட்டுப் படி ஏறவில்லை. தெருவிலும் பேச்சு நடக்கிறது. முடுக்குச் சந்தில் நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். பத்தொன்பது வருஷம் நல்ல பெயர் எடுத்து நான் கண்டது என்ன?

நீங்கள் வரமாட்டேன் என்றால் சொல்லிவிடுங்கள். வேனை அனுப்பிவைக்கிறேன், பழையபடி முன்சீட்டில் ஏறி ஊருக்கு வாருங்கள். நான் தனியாகக் கோவளம் போய் மூன்று இரவும் இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது.

என்ன பேசுவோம் என்று கேட்டீர்கள். அந்த வரியைத்தான் நான் அதிகம் தடவை படித்தேன். எனக்கும் தெரியாது, மச்சான். அறையைப் போட்ட அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் இடதுபக்கம் படுப்பவரா வலதுபக்கம் படுப்பவரா என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை கோபத்தையும் நான் எழுதியது தைரியத்தில் அல்ல.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. பேச ஒன்றும் இல்லையென்றால் பேச வேண்டாம். வந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள்
பதுரு